எத்தனால் எந்த வழியாக வெளியேற வேண்டும்? ஜெல்லை உலர்த்தும் நான்கு முறைகள்

"அண்ணா, ஜெல் கண்ணாடி மாதிரி வந்துச்சு. மூடியைத் திறந்து வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன். வந்து பாத்தா கல்கண்டை உடைச்சுப் போட்ட மாதிரி கிடக்கு."

யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்யும் கிருஷ்ணகிரித் தம்பி போன மாதம் போனில் சொன்னது இது. அதே வாரம், அல்சூரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். பீன்யாவில் சின்னப் பட்டறை நடத்துபவர். "சூட்டைத் தடுக்கிற ஏரோஜெல் துகள் செய்யணும்ப்பா. அந்தப் பெரிய பிரஷர் மெஷின் வாங்கியே ஆகணுமா? ஓவன்ல காய வெச்சா ஆகாதா?"

ஏரோஜெல் என்றால், திரவம் போன பிறகும் துளைகள் சரியாமல் காற்று நிரம்பி நிற்கும் உலர்ந்த ஜெல். இருவரும் கேட்டது ஒரே கேள்விதான். ஜெல்லுக்குள் நிற்கும் எத்தனாலை எப்படி வெளியே அனுப்புவது? பெங்களூரில் பல வருடங்களாக இந்த வேலையிலேயே இருப்பதால் மாதம் ஒருவராவது இதைக் கேட்டு வருகிறார்கள். ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

சிலிக்கா ஜெல் செய்யப் பெரும்பாலோர் எடுப்பது டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட். ஆய்வகத்தில் டி.இ.ஓ.எஸ். என்பார்கள். அதன் ஒரு மூலக்கூறு நீரோடு வினைபுரிந்து சிலிக்காவாக மாறும்போது நான்கு எத்தனால் மூலக்கூறுகளை வெளிவிடுகிறது. கரைப்பானாக நாம் ஊற்றியதும் எத்தனால். ஆக, கையில் நடுங்கி நிற்கும் அந்தக் கட்டியில் பெரும்பங்கு எத்தனால்தான். சிலிக்கா அதற்குள் சிலந்தி வலையாகப் பரவியிருக்கிறது.

உலர்த்துவதைக் கடைசியில் செய்யும் சில்லறை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பொருள் உருவாவதே அங்கேதான். ஒரே பீக்கரில் வந்த ஜெல்லை இரண்டாக வெட்டி வேறு வேறு வழியில் உலர்த்திப் பாருங்கள். ஒன்று சுருங்கிக் கூழாங்கல் போலாகும். இன்னொன்று ஊதினால் நகரும்.

## துளைக்குள் நடப்பது

எத்தனால் ஆவியாகத் தொடங்கியதும் ஒவ்வொரு நுண்துளையின் வாயிலும் திரவம் குழிந்து வளைகிறது. அந்த வளைவு துளையின் சுவரை உள்நோக்கி இழுக்கும். எவ்வளவு இழுக்கும்? பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்தால் தெரியும். எத்தனாலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 22 மில்லிநியூட்டன். துளையின் ஆரம் 5 நானோமீட்டர் என்றால் அழுத்தம் 88 பார். கார் டயரில் இருப்பதைப் போல 40 மடங்கு. அதே துளையில் தண்ணீர் இருந்தால், அதன் பரப்பு இழுவிசை 72 என்பதால், 288 பார். இவ்வளவையும் சில நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கா இழைகள் தாங்கியாக வேண்டும்.

குயவர் பச்சைப் பானையை வெயிலில் வைக்காமல் நிழலில் வைப்பதும் இதே காரணத்தால்தான். வெளிப்புறம் முந்திச் சுருங்கி உட்புறம் பின்தங்கினால் விரிசல் விழும். தம்பியின் ஜெல் உடைந்ததும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் துளைக்குள் எந்தத் திரவம் எஞ்சுகிறது என்பதுதான் உங்கள் பொருளின் தலைவிதி. எத்தனாலும் நீரும் சேர்ந்த கலவையில் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், எத்தனால் முந்திக்கொண்டு போகும், மிச்சத்தில் நீரின் பங்கு ஏறிக்கொண்டே வரும். "எத்தனாலில்தான் உலர்த்தினேன்" என்று நோட்டில் எழுதியிருப்போம். கடைசித் துளி நீராக இருந்திருக்கும். இழுத்து நொறுக்கியது அந்த நீர்.

## முடிவெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

முதலில், துளைகள் எந்த அளவுக்குப் பிழைக்க வேண்டும்? வெப்பக்காப்புக்கு ஏறத்தாழ எல்லாமே பிழைக்க வேண்டும். நல்ல சிலிக்கா ஏரோஜெல்லின் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.015 வாட் அளவு. அசையாத காற்றுக்கே 0.026. துளை சரிந்தால் அந்த எண் கைவிட்டுப் போகும். ஆனால் ஒரு சாயத்தைப் பிடித்து வைக்கும் வாயு உணரிக்குச் சில நானோமீட்டர் துளை இருந்தால் போதும். சுருங்கினாலும் கெட்டுப்போவது எதுவுமில்லை.

அடுத்து வடிவம்: படலமா, துகளா, முழுக் கட்டியா? விரிசல் பற்றிய கவலை பெரும்பாலும் கட்டிக்குத்தான். பிறகு, மேற்பரப்பு நீரை ஈர்க்க வேண்டுமா, விலக்க வேண்டுமா? இதைக் கேட்க மறந்து, எல்லாம் முடிந்த பிறகு தலையில் கை வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணமும் நாட்களும் அதன் பிறகு. தீயையும் அனுமதியையும் தனியாகப் பின்னால் எழுதுகிறேன். அவை நான்கு வழிக்கும் பொது.

## வழி 1: மெல்ல ஆவியாக விடுவது

மலிவான வழி, பலரும் அலட்சியப்படுத்தும் வழி. ஜெல்லை மூடிய பாத்திரத்தில் சில நாள் முதிரவிட்டு, பாராஃபில்மில் (பாத்திரத்தின் வாயை மூடும் மெழுகுத் தாள்) ஊசியால் நாலைந்து துளை போட்டு, அறை வெப்பநிலையில் வாரக்கணக்கில் விட வேண்டும். பிறகு 40, 50 டிகிரி என்று மெல்ல ஏற்றலாம். கிடைப்பது செரோஜெல், அதாவது சுருங்கி உலர்ந்த ஜெல். கன அளவு ஐந்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். ஆனால் கெட்டியான, தெளிவான துண்டு கிடைக்கும்.

முதிரவிடும் அந்த நாட்களைக் குறைக்காதீர்கள். சிலிக்கா மணிகள் ஒட்டும் கழுத்துப் பகுதி அப்போதுதான் தடிக்கிறது. 88 பார் இழுப்பைத் தாங்கப் போவது அந்தக் கழுத்துதான்.

பெங்களூருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. கடலோரத்தில் 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால் இங்கே ஏறத்தாழ 76 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல்மட்டத்தில் எழுதப்பட்ட குறிப்பை வைத்துக்கொண்டு "75 டிகிரி ஓவன், கொதிநிலைக்குக் கீழேதான்" என்று நம்பினால், நீங்கள் கொதிநிலையின் விளிம்பில் நிற்கிறீர்கள். ஜெல்லுக்குள் குமிழ் பிறந்தால் கட்டி பிளக்கும்.

இரண்டாவது, ஈரப்பதம். மார்ச் மதியத்தில் இங்கே காற்று வறண்டு கிடக்கும், ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆகஸ்ட் காலையில் 80ஐத் தாண்டும். எத்தனால் ஆவியாகும்போது தன்னைச் சுற்றிக் குளிரவைக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலிருக்கும் நீராவி ஜெல்லின் மேலேயே படியும். வறண்ட மாதத்தில் ஒழுங்காக வந்த செய்முறை மழைக்காலத்தில் ஏன் சொதப்புகிறது என்று பல பேர் வேதிப்பொருள் பாட்டிலைச் சந்தேகப்படுகிறார்கள். முதலில் ஈரப்பத மீட்டரைப் பாருங்கள்.

இதே வழிக்கு இன்னொரு முகம் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். மெல்லிய படலத்தில் எத்தனால் ஆவியாவது பொருளைச் சிதைப்பதில்லை, கட்டுகிறது. சிலிக்கா கரைசலோடு சி.டி.ஏ.பி. போன்ற சோப்பு மூலக்கூறைக் கொஞ்சமாகச் சேர்த்து, கண்ணாடியை முக்கி மேலே இழுக்கிறோம். எத்தனால் பறக்கப் பறக்கச் சோப்பின் செறிவு ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அந்த மூலக்கூறுகள் தாமாகவே குழல் குழலாக அணிவகுத்து நிற்க, சிலிக்கா அவற்றைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. பிறகு 400 டிகிரி அளவில் சுட்டால் சோப்பு எரிந்துபோய், ஒழுங்காக அடுக்கிய துளைகள் மிஞ்சும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிரிங்கர் என்ற ஆய்வாளரின் குழு 1997இல் முக்கியெடுக்கும் படலத்தில் இதைக் காட்டியது. 1999இல் அவர்கள் எழுதிய கட்டுரை மூலம் 'ஆவியாதல் தூண்டும் சுய ஒருங்கமைவு' என்ற பெயர் நிலைத்தது. பல நாள் எடுக்கும் வேலை இங்கே சில விநாடிகளில், நிமிடங்களில் முடிகிறது. தடிப்பு ஒரு மைக்ரோமீட்டருக்குள் இருக்கும்வரை விரிசல் பயமும் குறைவு. ஆனால் ஈரப்பதம் மாறினால் துளைகளின் அடுக்கே மாறிவிடும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். இந்த வழியின் மறைமுகச் செலவு அந்தப் பெட்டிதான்.

எப்போது இது சரி: படலம், அல்லது சுருங்கினாலும் பரவாயில்லாத தெளிவான கட்டி. நாட்கள் கையில் இருப்பவர்களுக்கு.

## வழி 2: சுவரை மாற்றிவிட்டு ஆவியாக விடுவது

சுருங்கும்போது எதிரெதிர்ச் சுவர்கள் தொட்டுக்கொள்கின்றன. அவற்றின் மேலிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் வினைபுரிந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். செரோஜெல் மீண்டும் விரியாததற்குக் காரணம் இந்த ஒட்டல். அந்த ஹைட்ராக்சில் இடங்களில் மெத்தில் தொகுதிகளை ஏற்றிவிட்டால் தொட்டாலும் ஒட்டாது. திரவம் முழுக்கப் போனதும் ஜெல் ஸ்பிரிங் போலத் திரும்ப விரிந்துகொள்ளும். 1995இல் இதே பிரிங்கர் குழு படலங்களில் இதைச் செய்து காட்டியது. பெரிய அழுத்தக் கலம் இல்லாமல் ஏரோஜெல் துகள் செய்ய வழி திறந்தது அப்படித்தான்.

நடைமுறையில், எத்தனாலை வெளியேற்றி ஹெக்சேன் ஏற்ற வேண்டும். பிறகு மெத்தில் ஏற்றும் டிரைமெத்தில்குளோரோசிலேன் அல்லது எச்.எம்.டி.எஸ். (ஹெக்சாமெத்தில்டைசிலசேன்) சேர்த்து ஊறவைத்து, கழுவி, சாதாரண ஓவனில் உலர்த்தலாம். ஹெக்சேனின் பரப்பு இழுவிசை சுமார் 18, எத்தனாலை விடவும் குறைவு.

இங்கே மறைமுகச் செலவுகள் நிறைய. மிச்சமிருக்கும் எத்தனாலும் நீரும் குளோரோசிலேனை வீணாகத் தின்றுவிடும். எத்தனாலை ஒழுங்காகக் கழுவாதவர்கள் இரண்டு மடங்கு வேதிப்பொருளை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். வினையில் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். எச்.எம்.டி.எஸ். என்றால் அம்மோனியா. ஹெக்சேன் நரம்புகளைப் பாதிக்கும் பொருள். வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்துப்போன வரலாறு உண்டு. திறந்த கொட்டகையில் இதைச் செய்யவே கூடாது. ஹெக்சேனை ஒடுக்கி மீட்கும் அமைப்பு இல்லாவிட்டால் கணக்கும் கட்டுப்படியாகாது.

கிடைக்கும் பொருள் நீரை விலக்கும். மழையில் நனையும் குழாய்க்கு அது வரம். நீரில் வேலை செய்ய வேண்டிய வினையூக்கிக்கு அதே குணம் கெடுதல். காற்றில் 400 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் மெத்தில் எரிந்துபோகும். பிறகு நீரை ஈர்க்கத் தொடங்கும்.

எப்போது இது சரி: நீர் விலக்கும் துகள், கிலோக் கணக்கில்.

## வழி 3: உறையவைத்து உலர்த்துவது

எத்தனால் ஜெல்லை அப்படியே ஃப்ரீஸ் டிரையரில் வைக்காதீர்கள். எத்தனால் உறைவது மைனஸ் 114 டிகிரியில். டிரையரின் குளிர்பொறியால் அதைப் பிடிக்க முடியாது. நேராகப் பம்ப் எண்ணெய்க்குள் போய்ப் பம்பைக் கெடுக்கும். எனவே எத்தனாலை நீராகவோ டெர்ஷியரி பியூட்டனாலாகவோ மாற்றியாக வேண்டும். நீர் உறையும்போது 9 சதவீதம் விரிந்து சிலிக்கா வலையைக் கிழித்துவிடும். டெர்ஷியரி பியூட்டனால் நல்ல தேர்வு. சுமார் 25 டிகிரியிலேயே உறைந்துவிடும், பெங்களூர் டிசம்பர் காலையில் பாட்டிலுக்குள்ளேயே கல்லாக நிற்கும்.

கிராஃபீன் ஆக்சைடு, நானோசெல்லுலோஸ் போல நீரிலேயே பிறக்கும் ஜெல்களுக்கு இது இயல்பான வழி. சிலிக்காவில் பெரும்பாலும் தூள்தான் கிடைக்கும்.

எப்போது இது சரி: தூள் போதும், டிரையர் ஏற்கெனவே ஆய்வகத்தில் இருக்கிறது என்றால்.

## வழி 4: சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டைஆக்சைடு

திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே எல்லையே இல்லாத நிலைக்கு அழைத்துப் போய்விட்டால், வளைந்த மேற்பரப்பு இல்லை, இழுப்பும் இல்லை. 1931இல் கிஸ்லர் என்ற வேதியியலாளர் உலகின் முதல் ஏரோஜெல்லை இந்த யோசனையில்தான் செய்தார். ஆல்கஹாலையே அந்த நிலைக்கு ஏற்றினால் எத்தனாலுக்கு 241 டிகிரியும் 61 பாரும் வேண்டும். அந்த வெப்பத்தில் அழுத்தத்தோடு நிற்கும் ஆல்கஹால் கசிந்தால் என்ன ஆகும் என்பதை 1984இல் சுவீடனில் மெத்தனால் கலம் வெடித்துச் சிதைந்த ஏரோஜெல் ஆலை காட்டியது. அடுத்த வருடமே அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் டிவாரி, ஹன்ட், லாஃப்டஸ் ஆகியோர், ஆல்கஹாலைத் திரவக் கார்பன் டைஆக்சைடால் மாற்றிவிட்டு உலர்த்தும் முறையை வெளியிட்டார்கள். அதற்கு 31 டிகிரியும் 74 பாரும் போதும்.

ஏட்டில் 74 பார். ஆனால் உள்ளே எத்தனால் கலந்திருக்கும்வரை கலவையில் அந்த எல்லை மறையும் அழுத்தம் (கிரிட்டிக்கல் அழுத்தம்) அதற்கு மேலே இருக்கும். அதனால் 40, 50 டிகிரியில் 100 பாருக்கு மேல் வைத்துத்தான் ஓட்டுகிறோம். 25 டிகிரியில் சிலிண்டரின் சொந்த அழுத்தம் 64 பார் மட்டுமே. கலம் வாங்கிவிட்டு, பம்பும் அடியிலிருந்து திரவம் எடுக்கும் குழாயுள்ள சிலிண்டரும் வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. கார்பன் டைஆக்சைடு நீரை மிகக் கொஞ்சமே கரைக்கும் என்பதால், அதற்கு முன் ஜெல்லிலிருந்து நீரை எத்தனாலால் முழுக்கக் கழுவியிருக்க வேண்டும். எஞ்சிய நீர் இருந்தால் இவ்வளவு செலவும் செய்து ஜெல் வெளுத்து, சுருங்கி வெளிவரும். மூடிய அறையில் வாயுவை வெளிவிட்டால் மூச்சுத் திணறும். வெளியேற்றுக் குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் உயிரியல் ஆய்வகங்களில் 'கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர்' என்ற சின்னக் கருவி பெரும்பாலும் இருக்கும். திசுக்களை எத்தனாலிலிருந்து உலர்த்த வைத்திருப்பார்கள். விரல்நுனி அளவு ஜெல் அதற்குள் போகும். பக்கத்துத் துறையில் கேளுங்கள்.

எப்போது இது சரி: முழுக் கட்டி, உச்சத் துளை அளவு, நீரை ஈர்க்கும் மேற்பரப்பு. இந்த மூன்றும் சேர்ந்து வேண்டும் என்றால் வேறு வழி தேட வேண்டாம்.

## நான்குக்கும் பொதுவான கணக்கு

எத்தனாலின் தீப்பற்று நிலை 14 டிகிரியை ஒட்டியது. அதாவது பெங்களூரில் ஏறக்குறைய வருடம் முழுக்க எந்த அறையிலும் அது தீப்பிடிக்கத் தயார். காற்றில் 3.3 சதவீதம் ஆவி இருந்தால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் எத்தனால் முழுக்க ஆவியானால், எட்டடிக்கு எட்டடி, எட்டடி உயரமுள்ள அறை முழுவதையும் ஏறத்தாழ அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். காற்றோட்டமில்லாத 100 லிட்டர் ஓவனை 80 டிகிரியில் வைத்தால் வெறும் 6 மில்லிலிட்டர் போதும், ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் ஓவனின் கதவு தெறித்து எதிர்ச் சுவரில் மோதியது. யாரும் முன்னால் நிற்கவில்லை. அன்றிலிருந்து வெளியேற்றுக் குழாய் இல்லாத ஓவனுக்குள் ஈர ஜெல்லை நான் வைத்ததில்லை.

கழுவும் எத்தனாலையும் எண்ணுங்கள். ஜெல்லின் கன அளவைப் போல் மூன்று நான்கு மடங்கு, மூன்று தடவை. ஒரு லிட்டர் ஜெல்லுக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தடிப்பு இருமடங்கானால் கழுவும் நேரம் நான்கு மடங்காகும். மெல்லியதாக வார்ப்பதைப் போலப் பணம் மிச்சப்படுத்தும் வேலை இதில் வேறில்லை.

அனுமதியும் உண்டு. எத்தனால் கலால் துறையின் கண்ணுக்குள் இருக்கும் பொருள். தொழிற்சாலை ஆல்கஹால் மாநிலங்களின் அதிகாரத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபரில் 8-1 என்று தீர்ப்பளித்திருக்கிறது. பட்டறை வைத்திருப்பவர்கள் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மாநிலக் கலால் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கழுவுவதற்கு மட்டும் என்றால் ஐசோபுரொப்பனால் பல இடங்களில் ஒத்துவரும். பரப்பு இழுவிசை ஏறத்தாழ அதே 22தான்.

| | மெல்ல ஆவியாதல் | சுவர் மாற்றம் | உறையவைத்தல் | சூப்பர்கிரிட்டிக்கல் |
|---|---|---|---|---|
| துளைகள் | பெரும்பகுதி சுருங்கும். படலத்தில் ஒழுங்கு | பெரும்பாலும் மீளும் | பெரிய, ஒழுங்கற்ற துளை | ஏறத்தாழ முழுதும் |
| வடிவம் | படலம், சிறு கட்டி | துகள் | தூள் | கட்டி உட்பட எதுவும் |
| நீரோடு உறவு | ஈர்க்கும் | விலக்கும் | ஈர்க்கும் | ஈர்க்கும் |
| காலம் | படலம் நிமிடங்கள். கட்டி வாரங்கள் | சில நாட்கள் | சில நாட்கள் | கழுவ நாட்கள், உலர்த்த மணிகள் |
| மறைமுகச் செலவு | ஈரப்பதக் கட்டுப்பாடு | ஹெக்சேன் மீட்பு, அமில ஆவி | கரைப்பான் மாற்றம், பம்ப் | பம்ப், சிலிண்டர், அழுத்தக்கலப் பாதுகாப்பு |

## இருவருக்கும் நான் சொன்னது

அக்காவுக்கு இரண்டாவது வழி. அவருக்குத் தேவை துகள், அதுவும் நீரை விலக்கும் துகள். அவர் சூடு போகாமல் காக்க வேண்டிய குழாய் 200 டிகிரியைத் தாண்டாது, மெத்தில் எரியும் 400க்கு அது வெகு கீழே. பெரிய மெஷின் வேண்டாம், அந்தப் பணத்தை ஹெக்சேன் மீட்கும் அமைப்பிலும் காற்றோட்டத்திலும் போடுங்கள் என்றேன். "ஓவன் போதும்னு சொல்லுவேன்னு பார்த்தா, வேற செலவு வெக்கிறியே" என்றார். ஓவன் போதும்தான் அக்கா, அதைச் சுற்றி இருப்பதற்குத்தான் செலவு என்றேன். முதலில் ஐந்து லிட்டர் ஜெல் மட்டும் செய்து, எவ்வளவு ஹெக்சேன் திரும்பக் கிடைக்கிறது என்று எடை போட்டுப் பார்க்கப் போகிறார்.

தம்பி சூப்பர்கிரிட்டிக்கல் கருவிக்குக் கடிதம் எழுதத் தயாராக இருந்தான். அவனுடைய வேலைக்குத் தெளிவான வட்டு போதும், சாயம் உள்ளே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முதல் வழியே சரி. சாதாரண ஸ்பிரிட்டை விட்டுவிட்டு நீரற்ற எத்தனாலில் மூன்று தடவை கழுவு, ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வார்க்காதே, ஒரு வாரம் மூடி வைத்து முதிரவிடு என்றேன். பாராஃபில்மில் நான்கே துளை. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் ஈரப்பதத்தோடு சேர்த்து எழுத வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நிற்கும் வரை மூடியைத் தொடக் கூடாது, ஊருக்குப் போனாலும் சரி.